தொங்கும் தூணுக்கு ஒரு பில்லர் கேஜ்

தூணுக்கடியில் விட்ட தகடு திரும்பி வரவில்லை.

அருள்செல்வி கல் தரையில் குப்புறப் படுத்தாள். கன்னத்தைத் தரையோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணால் தூணின் அடியைப் பார்த்தாள். இருட்டுதான் தெரிந்தது. ஒரு சிற்றெறும்பு மட்டும் சொந்த வீட்டுக்குள் நுழைவதுபோல உள்ளே போனது.

“என்னங்க, உள்ள போயிடுச்சு.”

“எது?” என்றான் அவள் கணவன் அருள்ஜோசப். இரண்டு தூண் தள்ளி, துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான்.

“பிளேடு.”

“போனா வெளிய இழு.”

“இழுக்கறதுக்கு நுனி வேணுமில்ல? முழுசா போயிடுச்சு.”

அருள்ஜோசப் கண்ணைத் திறக்காமலே “யேசுவே” என்றான். சமணக் கோயிலில் இருக்கிறோம் என்ற நினைப்பு வந்து, எழுந்து உட்கார்ந்துகொண்டான்.

அருள்செல்வி எலத்தகிரிப் பெண். போச்சம்பள்ளி சிப்காட்டில் பிரேக் சாமான் செய்கிற கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனை வேலை. எதைப் பார்த்தாலும் அது எப்படி நிற்கிறது, எதில் மாட்டியிருக்கிறது, எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்றுதான் அவள் மூளை ஓடும். கல்யாணத்தன்று கோயிலில் மோதிரம் போட்டுவிட்டபோது, வெட்கப்பட வேண்டிய நேரத்தில், “கொஞ்சம் லூசு” என்று சொன்னவள். அருள்ஜோசப் அதை இன்றைக்கும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இந்தத் தூணை அவளிடம் கொண்டுவந்து சேர்த்தவள் வீரலட்சுமி. கல்லாவிக்காரி. அதே லைனில் வேலை. ஒரு நாள் கேன்டீனில் சாப்பிடும்போது போனை நீட்டினாள். “விஞ்ஞானிகளே வாயைப் பிளந்த அதிசயம்! ஆயிரம் வருஷமாகக் காற்றில் தொங்கும் தூண்! இந்தப் பக்கம் துணியை விட்டால் அந்தப் பக்கம் வரும்!” என்று ஒருவன் அதில் கத்திக்கொண்டிருந்தான்.

“எவ்ளோ கேப்பு?” என்றாள் அருள்செல்வி.

“எதுக்கா?”

“தூணுக்கும் தரைக்கும் நடுவுல எவ்ளோ கேப்புன்னு அவன் சொல்லலையே.”

“துணி போவுதுன்னு சொல்றான் இல்ல?”

“எந்தத் துணி? மல் துணியா, ஜமுக்காளமா?”

வீரலட்சுமி வீடியோவை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். வீடியோக்காரன் அதைச் சொல்லவே இல்லை. அருள்செல்விக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்த கையோடு மூன்று பேரும் பழைய ஆம்னியில் கிளம்பிவிட்டார்கள். அருள்ஜோசப் கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். ஆறு நாள் ஓட்டிவிட்டு ஏழாம் நாளும் ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டியிருக்கிறதே என்று ஓசூர் வரை புலம்பினான். ஓசூருக்கப்புறம் லாரிகளைத் திட்ட வேண்டியிருந்ததால் புலம்பலை நிறுத்தினான்.

தளி தாண்டி, தமிழ்நாடா கர்நாடகமா என்று மலைக்கே தெரியாத ஓரிடத்தில் இருந்தது பஸ்தி பெட்டா. கன்னடத்தில் பஸ்தி என்றால் சமணக் கோயில், பெட்டா என்றால் மலை. மொட்டைப் பாறையில் செதுக்கிய படிகள். அர்ச்சகர் சாயங்காலம்தான் மேலே வருவார் என்று அடிவாரத்து இளநீர்க்காரர் சொன்னார்.

“அதுவும் நல்லதுதான்” என்றாள் அருள்செல்வி, கைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு.

பைக்குள் ஃபீலர் கேஜ் இருந்தது. பேனாக்கத்தி மாதிரி ஒரு சாமான்; கத்திக்குப் பதிலாக, ஒன்றைவிட ஒன்று தடிமனான மெல்லிய இரும்புத் தகடுகள். இடுக்கில் எந்தத் தகடு நுழைகிறதோ அதுதான் அந்த இடுக்கின் அளவு. கம்பெனியில் யாரும் அதை ஃபீலர் கேஜ் என்று சொல்லிக் கேட்டதில்லை. எல்லோருக்கும் அது பில்லர் கேஜ்தான்.

“பில்லர் கேஜுன்னா பில்லரை அளக்கறதுதானே?” என்று அருள்ஜோசப் படியேறும்போது கேட்டான். சிரிப்பதற்காகத்தான் கேட்டான்.

“ஆமா” என்றாள் அவள்.

“கம்பெனி சாமான்டி அது!”

“நாளைக்குக் காலைல ஷிப்டுக்கு முன்னாடி டிராவுல வெச்சிடுவேன்.”

நாளைக்கு வெளிநாட்டுக் கஸ்டமர் ஆடிட்டுக்கு வருகிறான் என்பதையோ, லைன் லீடர் பதவிக்கு அவள் பெயர் மேலே போயிருக்கிறது என்பதையோ அவள் அப்போது சொல்லவில்லை.

மேலே போனதும் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். முன்னால் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நின்றது மானஸ்தம்பம், சமணக் கோயில் வாசலில் நிறுத்தும் ஒற்றைக் கல் கம்பம். அதற்குப் பின்னால் அகலமான மண்டபம். எவனோ ஒரு புண்ணியவான் தூண், சுவர், உத்திரம் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தான். அப்படியும் அழகு மறையவில்லை. வாசல் நிலைக்கு மேலே, மூன்றடுக்குக் குடையின் கீழ், தீர்த்தங்கரர் ஒருவர் இந்த உலகத்தில் எந்த ஆடிட்டும் இல்லை என்பதுபோல உட்கார்ந்திருந்தார். கூரையில் ஒரு தாமரை, இதழுக்குள் இதழாக விரிந்திருந்தது. உள்ளே போகிற கதவு பூட்டிக் கிடந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் காவலாளியின் தொப்பி இருந்தது. காவலாளி இல்லை.

அருள்செல்வி முதல் தூணைத் தடவினாள். மணியைக் கவிழ்த்தாற்போல வளைந்து, இடுப்பு சிறுத்து, மறுபடி விரிந்திருந்தது.

“வீரா, இது கடைசல் வேலைடீ! எந்த லேத்துல மாட்டியிருப்பான்? இவ்ளோ வெயிட்டை எதை வெச்சு சுத்தியிருப்பான்?”

“அதெல்லாம் தெரியாதுக்கா. எந்தத் தூணு தொங்குது?”

அதுதான் கேள்வி. எந்தத் தூணிலும் எழுதி வைக்கவில்லை. வீடியோக்காரன் தன் முகத்தைக் காட்டிய அளவுக்குத் தூணைக் காட்டவில்லை. அருள்செல்வி அவளுக்குத் தெரிந்த வழியில் தேடினாள். ஒவ்வொரு தூணாக உட்கார்ந்து, இருப்பதிலேயே மெல்லிய தகட்டை அடியில் விட்டுப் பார்த்தாள். எங்கும் போகவில்லை. கல்லும் கல்லும் அப்படி ஒட்டியிருந்தன. கடைசியாக, தென்கிழக்கு மூலைத் தூணுக்கு வந்தாள்.

தகடு வெண்ணெயில் கத்தி போல உள்ளே போனது.

“வீரா!” என்று கூவினாள். அந்தக் கூவலில் காது கிழிந்து ஒரு குரங்கு மதிலிலிருந்து குதித்து ஓடியது.

அடுத்த தகடு போனது. அதற்கடுத்ததும் போனது. கொத்தாகப் பிடித்தால் கை இடித்ததால், திருகாணியைக் கழற்றி ஒரு தகட்டைத் தனியாக எடுத்து ஆழம் பார்த்தாள். அதுதான் உள்ளேயே தங்கிவிட்டது.

“ஒரு பிளேடுதானே, விடு” என்றான் அருள்ஜோசப்.

“ஒண்ணு குறைஞ்சாலும் இன்ஸ்ட்ரூமென்ட்டே ரிஜெக்ட். எங்க போச்சுன்னு கேப்பாங்க. கோயில் தூணுக்கு அடியில இருக்குன்னு சொல்லவா?” அவள் ஆடிட் விஷயத்தையும் லைன் லீடர் விஷயத்தையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

அருள்ஜோசப்புக்கு இப்போது தூக்கம் முழுதாகப் போய்விட்டது. “இரு. இன்னொரு பிளேடை அந்தப் பக்கத்துலருந்து விட்டு இதைத் தள்ளிடலாம்” என்றான். நல்ல யோசனையாகத்தான் பட்டது. தள்ளினான். அவன் கையிலிருந்ததும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

“இப்ப ரெண்டு” என்றாள் அருள்செல்வி.

வீரலட்சுமிதான் அடுத்த வழி சொன்னாள். “வீடியோவுல துணி விட்டாங்க இல்ல? உன் ஷாலைக் குடுக்கா. நீ அந்தப் பக்கம் பிடி, நான் இந்தப் பக்கம் பிடிக்கறேன். வாரிக்கினு வந்துடும்.”

நைலக்ஸ் ஷால் தூணுக்கடியில் போய் மறுபக்கம் வந்தது. இரண்டு பேரும் தூணுக்கு இரு பக்கமும் மண்டியிட்டு, ஷாலின் முனைகளைப் பிடித்து, இழுப்பதும் விடுவதுமாக இருந்தார்கள். பயபக்தியோடு இழுத்தார்கள், ஷால் கிழிந்துவிடக் கூடாதே என்ற பயம்.

அந்த நேரம் பார்த்துக் குருபரப்பள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் மேலே வந்து சேர்ந்தார்கள். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசுகிறவர்கள். முன்னால் வந்த கனத்த அம்மாளுக்கு முனிலட்சுமி என்று பெயர். மண்டியிட்டிருந்த இருவரையும் பார்த்தவள், செருப்பில்லாத காலையும் ஒருமுறை உதறிவிட்டுக் கிட்டே வந்தாள்.

“ஏம்மா, இது என்னா மொக்கு?”

தெலுங்கில் மொக்கு என்றால் வேண்டுதல். அருள்செல்வி வாயைத் திறப்பதற்குள் வீரலட்சுமி முந்திக்கொண்டாள். கம்பெனிச் சாமான் விஷயம் வெளியே போகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான்.

“போனது திரும்பி வர்றதுக்கு” என்றாள்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

“போனதுன்னா? எது போனாலுமா?”

“எது போனாலும்.”

முனிலட்சுமி திரும்பித் தன் கூட்டத்தைப் பார்த்துத் தெலுங்கில் என்னவோ சொன்னாள். அடுத்த கணம் மண்டபத்தில் வரிசை நின்றது. ஒருத்திக்கு மூக்குத்தி தொலைந்திருந்தது. ஒருத்திக்குக் கறவை மாடு. ஒருத்தியின் நாத்தனார் இரவல் வாங்கிப் போன கிரைண்டர். முனிலட்சுமியின் மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, சேர்ந்த கையோடு போன் செய்வதையே நிறுத்திவிட்டான்.

“ஐயோ, தொடாதீங்க, தொடாதீங்க!” என்று பதறினாள் அருள்செல்வி. ஆளாளுக்குத் துணி விட்டால் தகடுகள் எந்த மூலைக்குப் போகும்?

“கோயில் அம்மா சொல்லுது, கேளுங்க!” என்றாள் முனிலட்சுமி. “எப்படிம்மா பண்ணணும்?”

நான் கோயில் அம்மா இல்லை என்று சொல்லத்தான் அருள்செல்வி நினைத்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. இத்தனை கை இருக்கிறது. எல்லோரும் ஒரே பக்கமாக இழுத்தால்?

“இங்கருந்து விட்டு அங்க எடுக்கணும். திருப்பி மட்டும் இழுக்கக் கூடாது.”

“திருப்பி இழுத்தா தோஷமாம்மா?”

“திருப்பி இழுத்தா உள்ளயே போயிடும்.”

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

புடவை முந்தானைகள், கைக்குட்டைகள், ஒருத்தியின் தலைமுக்காடு, எல்லாம் வரிசையாகத் தூணுக்கடியில் போய் மறுபக்கம் வந்தன. யாரோ தூணுக்கு மஞ்சள் பூசினார்கள். யாரோ குங்குமம் வைத்தார்கள். கூட்டம் நெருக்கவே அருள்ஜோசப் தன்னையறியாமல் எழுந்து, “உள்ள போங்க, உள்ள போங்க, பின்னாடி எடமிருக்குது, வழியில நிக்காதீங்க” என்று ஆரம்பித்துவிட்டான். வேலைப் பழக்கம்.

தகடுகள் வரவில்லை. ஆனால் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு துணி போகும்போதும் அருள்செல்வி தரையில் படுத்துப் பார்த்தாள். பட்டு சிக்கவில்லை. நூல் புடவை சிக்கவில்லை. முரட்டுக் கைத்தறிகூட ஒரு இழுப்பில் வந்துவிட்டது. அப்படியானால் இது எந்தப் பக்கமும் தரையைத் தொடவில்லை. அப்படியானால் மேலேதான் பிடிப்பு. அவள் அண்ணாந்து பார்த்தாள்; தூணின் தலை, சுண்ணாம்போடு சுண்ணாம்பாக, உத்திரத்தில் ஒட்டியிருந்தது. ஆடிட்டும் லைன் லீடரும் அவள் தலையைவிட்டு எங்கோ போய்விட்டன.

“இங்க பாருங்கம்மா” என்றாள் சுற்றி நின்றவர்களிடம். “மத்த தூணெல்லாம் உருண்டு வளைஞ்சு, எவ்ளோ வேலைப்பாடு! இது மட்டும் சதுரமா, மொழுமொழுன்னு இருக்குது. ஏன்? வெயிட்டைக் குறைச்சிருக்கான்! தொங்கணும் இல்ல? இந்த மூலையப் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி. எங்க கம்பெனியில மெஷின்ல வெட்டினாத்தான் இப்படி வரும். இதுக்கு மட்டும் அந்தச் சிற்பி தனியா கவனம் எடுத்திருக்கான்.”

“அந்தக் காலத்து மூளை!” என்றாள் மூக்குத்தி தொலைத்தவள்.

அப்போது விசில் சத்தம் கேட்டது. கையில் டிபன் கேரியரோடு காவலாளி எல்லப்பன் வந்து நின்றான். தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடி ஒருமுறை விசில் அடித்தான்.

“யார் இதெல்லாம் பண்ணச் சொன்னது?”

எல்லா விரல்களும் அருள்செல்வியை நோக்கி நீண்டன.

“இங்க மொக்கு கிக்குன்னு எதுவும் கெடையாது. நான் சேந்து ஒரு வாரம் ஆவுது, எவனும் எனக்குச் சொல்லல. எல்லாரும் எழுந்துருங்க! ஆபீசுக்குப் போன் போடுவேன்.”

ஆபீசுக்குப் போன் போனால் பெயர் கேட்பார்கள், ஊர் கேட்பார்கள், கம்பெனி கேட்பார்கள். உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று அருள்செல்வி ஒரு அடி முன்னால் வைத்தாள்.

முனிலட்சுமியின் இடுப்பிலிருந்து போன் அடித்தது.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. முனிலட்சுமி போனை எடுத்துப் பார்த்தாள். “என் பையன்” என்றாள். அவ்வளவுதான். காதில் வைத்ததும் ஒரு பாட்டம் அழுது, ஒரு பாட்டம் திட்டி, “சாப்ட்டியா” என்று முடித்தாள்.

“அக்கா, மலை உச்சியில டவர் நல்லா எடுக்கும்” என்று அருள்செல்வி மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். யாருக்கும் கேட்கவில்லை. பெண்கள் எல்லப்பனைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“கண்ணு முன்னால நடந்துச்சு, இல்லன்னு சொல்லுவியா?”

“இல்லம்மா, ரூலு...”

“ரூலு போட்டவனுக்குப் புள்ள போன் பண்ணாம இருந்தா தெரியும்!”

எல்லப்பன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பிறகு அருள்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டான். குரல் தணிந்திருந்தது.

“அம்மா, என் சம்சாரம் கோவிச்சிக்கினு ராயக்கோட்டைக்கு, அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டா. போன் பண்ணா கட் பண்றா. அதுக்கும் இது ஆவுமா?”

அருள்செல்வி அவன் முகத்தைப் பார்த்தாள். இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை. அவன் தோளில் கிடந்த துண்டையும் பார்த்தாள். நல்ல அகலமான துண்டு. தூணின் அடியை முழுக்க அடைத்துக்கொண்டு போகும்.

“ஆவும்ணா. நல்லா விரிச்சு விடுங்க. ஒரே இழுப்பு.”

எல்லப்பன் விசிலை வாயிலிருந்து எடுத்துப் பையில் போட்டான். கண்ணை மூடி, உதடு அசைய வேண்டிக்கொண்டு, துண்டை விட்டான். அந்தப் பக்கம் வீரலட்சுமியும் அருள்ஜோசப்பும் பிடித்து இழுத்தார்கள். துண்டு வந்தது. கூடவே ‘கிணுங்’ என்று இரண்டு தகடுகளும் வந்து விழுந்தன.

“வந்துடுச்சு!” என்று கத்தினாள் அருள்செல்வி.

“வந்துட்டாளா?” என்று கண்ணைத் திறந்தான் எல்லப்பன்.

தகடுகளைத் துடைத்து, கொத்தில் சேர்த்து, திருகாணியை முடுக்கியதும் அவளுக்கு உயிர் வந்தது. அத்தோடு கிளம்பியிருக்கலாம். அருள்ஜோசப் வண்டிச் சாவியை எடுத்துவிட்டான். ஆனால் வந்த வேலை பாக்கியிருந்தது. இருப்பதிலேயே தடிமனான தகட்டை, இந்த முறை கொத்தோடு, கை நோகுமளவு இறுக்கிப் பிடித்து, தூணைச் சுற்றித் தவழ்ந்தபடி நாலு பக்கமும் விட்டுப் பார்த்தாள். எந்தப் பக்கமும் தடுக்கவில்லை. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

எழுந்தபோது அவள் முட்டியெல்லாம் சுண்ணாம்பு. கண் கலங்கியிருந்தது. லைனில் எந்தச் சாமானையும் இரண்டாவது தடவை பார்க்காமல் அனுப்பாதவள், கம்பெனியில் ‘ரிஜெக்ட் ராணி’ என்று பெயர் வாங்கியவள்.

“ஓகே” என்றாள். “இது நெஜமாவே தொங்குது. நான் அளந்துட்டேன். வீடியோவுல சொன்னது பொய்யில்ல. ஆயிரம் வருஷமா தரையில கால் வைக்காம தொங்குது.”

பெண்கள் கை தட்டினார்கள். வீரலட்சுமி போட்டோ எடுத்து கேன்டீன் குரூப்பில் போட்டாள். முனிலட்சுமி தூணுக்குக் கற்பூரம் ஏற்றினாள். எல்லப்பன் தடுக்கவில்லை, காற்றில் அணையாமல் கையை வைத்து மறைத்துக்கொண்டான். அருள்ஜோசப்கூடத் தன் மனைவியைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தான். தூணில் உள்ளங்கையை வைத்து நின்ற அவளுக்கு, அந்தப் பெயர் தெரியாத சிற்பியின் கையைத் தொட்டதுபோல இருந்தது.

படியேறி வந்த மூச்சு அடங்காமல் அர்ச்சகர் தரணேந்திரய்யா மண்டபத்துக்குள் நுழைந்தார். இடுப்பில் வெள்ளை வேட்டி, கையில் சாவிக்கொத்து. மஞ்சளும் குங்குமமும் கற்பூரமுமாக நின்ற மூலைத் தூணைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“ஏனம்மா இது? இதுக்கு எதுக்குப் பூஜை?”

“சாமி, தொங்குற தூணு இதுதானுங்களே?” என்றாள் அருள்செல்வி பெருமையோடு. “கேஜ் வெச்சே பாத்துட்டேன். நாலு பக்கமும் தரையில படவே இல்ல.”

அர்ச்சகர் தூணின் அடியைக் குனிந்து பார்த்தார். உத்திரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சத்தமில்லாமல் ஒரு அடி பின்னால் வைத்தார்.

“தொங்குற தூணு பூட்டின கதவுக்கு உள்ளே இருக்கும்மா, இது, மேல்கல்லு விரிசல் விட்டு எந்த நேரமும் விழும்னு சொல்லி, போன வருஷம் காண்ட்ராக்டர் குடுத்த முட்டு!”